டைபாய்டு சாம்பிளுக்கு அலைந்த கோடை

சானிடரி இன்ஸ்பெக்டரை எந்த வீட்டிலும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்தால் எதையாவது எழுதிவிடுவான் என்று பயம். என்னைப் போல சைக்கிள் கேரியரில் பிளீச்சிங் பவுடர் டின்னைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்த சகோதரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுக்க எனக்குத் திருத்தங்கல்லில் டியூட்டி. அந்தக் கோடையில் உட்காரச் சொல்லியிருந்தாலும் என்னால் உட்கார முடிந்திருக்காது.

காப்பியில் மருந்து வாசம்

ஒரே தெருவில் ஐந்து பேருக்கு விடாத காய்ச்சல். சிவகாசி ஆஸ்பத்திரி டாக்டர் டைபாய்டு என்றார். சால்மொனெல்லா என்ற கிருமிக் கூட்டத்தில் டைபாய்டுக் கிருமியும் ஒன்று. நோயாளியின் மலத்திலிருந்து தண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலந்து, அடுத்தவர் வயிற்றுக்குள் போய்விடும். எனக்கு முதல் சந்தேகம் தண்ணீர் மேல். அந்தத் தெருவே விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியின் தோட்டக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது.

கேட்காமலே கிணற்றில் பிளீச்சிங் பவுடர் மருந்தைக் கொட்ட எனக்கு அதிகாரம் இருந்தது. இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொட்டினேன். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் வைத்து மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மருந்து போடுங்க சார், நான் வேண்டாங்கல. ஆனா வீட்டுல காப்பி குடிச்சாக்கூட ஒங்க ஆபீசுக்குள்ள ஒக்காந்து குடிக்கிற மாதிரில்ல இருக்கு!"

எந்தக் கையில் ஊசி

காய்ச்சல்காரர்களில் மூன்று பேர் ஒரே தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். தடுப்பூசிப் பெட்டியோடு அந்தக் கம்பெனி வாசலுக்குப் போனேன். அந்தக் காலத்து டைபாய்டு ஊசி லேசுப்பட்டதல்ல. போட்ட கை வீங்கி, ஒரு நாளாவது உடம்பு கொதிக்கும். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டையில் தீக்குச்சி அடுக்குகிற பெண்களுக்கோ அடுக்கினால்தான் கூலி. என்னைக் கண்டதும் வரிசை கலைந்துவிட்டது.

முத்துலெட்சுமி என்ற பெண் மட்டும் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். சரி, இவளாவது போட்டுக்கொள்வாள் என்று பஞ்சை நனைத்தேன். அவள் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்தக் கையில குச்சி அடுக்கணும், அந்தக் கையில பிள்ளையத் தூக்கணும். மூணாவதா ஒரு கை மொளைக்கட்டும் சார், அதுல குத்துங்க."

லேபிள் சாம்பிள்

கிணற்றில் மருந்து போட்டு ஒரு மாதம் ஆகியும் புதிதாக நாலு பேர் படுத்துவிட்டார்கள். "தண்ணி இல்லய்யா, ஆளு" என்றார் டாக்டர். டைபாய்டு வந்து தேறியவர்களில் சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடுமாம். அவர்கள் நன்றாக இருப்பார்கள். அவர்கள் கைபட்டதைச் சாப்பிட்டவர்கள் படுப்பார்கள். அந்த ஆளைக் கண்டுபிடிக்க மலம் சோதிக்க வேண்டும். மதுரைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த சின்னச் சின்ன டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். வெளிப்படையாகக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் "சாம்பிள் வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

அச்சாபீஸ் போர்மேன் ஒருவர் என்னைச் சந்தோஷமாக வரவேற்று, மயில், கிளி, தாமரை என்று தீப்பெட்டி லேபிள்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். எனக்கு வேண்டியது எந்தச் சாம்பிள் என்று காதோடு சொன்னேன். மனிதர் லேபிள்களை மெதுவாகச் சுருட்டினார். "நாலு கலர்ல என்ன கேட்டாலும் அடிச்சுத் தந்துருவேன் சார். இதுக்கு நாளைக்குக் காலையில வாங்க."

கஞ்சித் தூக்கு

புதிதாகப் படுத்த நாலு பேரில் முத்துலெட்சுமியும் ஒருத்தி. அவளுக்கு முற்றிவிட்டது. மலத்தில் ரத்தம் போனது. டாக்டர் மதுரையிலிருந்து மாத்திரை வரவழைத்தார். அன்று அந்தப் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு வந்தேனே, இன்னும் நாலு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

நாலு பேர் வீட்டிலும் கேட்டதில் ஒன்று தெரிந்தது. எல்லோரும் மத்தியானம் கம்பெனிக்கு எதிரே பேச்சியம்மா கடையில் கம்பங்கூழ் குடித்தவர்கள். நானும் அங்கேதான் குடித்தேன். வருஷா வருஷம் ஊசி போட்டுக்கொண்டதால் தப்பித்தேன் போலிருக்கிறது. கூழில் கையை விட்டுக் கரைப்பாள், துவையலைக் கையால் வழித்து வைப்பாள். புருஷன் இல்லாதவள், அந்தக் கடைதான் அவளுக்குக் கதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்ததாக அவளே சொல்லியிருந்தாள். தயங்கித் தயங்கி அவளிடமும் டப்பாவைக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் தந்துவிட்டாள்.

ரிப்போர்ட் வர எட்டு நாளானது. அதுவரை கடையை மூடச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சோப்பும் அகப்பையும் வாங்கிக் கொடுத்தேன். கையை விடாதே என்றேன். ஒரு நாளைக்கு நாலு தடவை சைக்கிளில் அந்தப் பக்கம் போய், கடையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, கூழ் குடிக்காமலே திரும்புவேன். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், முத்துலெட்சுமிக்காகக் கஞ்சித் தூக்குச்சட்டியோடு படியேறிக்கொண்டிருந்தாள் பேச்சியம்மா. ஓடிப் போய்த் தூக்கைப் பிடுங்கிக்கொண்டேன். ரிப்போர்ட் வராமல் ஏனென்று எப்படிச் சொல்வது? அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கடைக்கும் வரமாட்டேங்கீக, கஞ்சியவும் புடுங்குதீக. நான் என்ன சார், வெசமா வச்சுருக்கேன்?"

ரிப்போர்ட்

மதுரைப் பஸ்ஸில் வந்த கவரைப் பஸ் ஸ்டாப்பில் நின்றே பிரித்தேன். பேச்சியம்மாளுக்குக் கிருமி இருந்தது. கடையில் ஆள் குறையட்டும் என்று காத்திருந்து சொன்னேன். "நான் நல்லா நடமாடுதேனே சார்" என்றாள். பித்தப்பை, கிருமி என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அப்ப முத்துலெட்சுமிக்கு வந்தது என் கையாலயா?" என்று கேட்டாள். கேட்ட வேகத்தில் எழுந்தாள். பானையோடு தூக்கிப் போய்க் கூழைக் குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளினாள். அன்றைக்கு மூடிய கடையை அவள் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் யாரும் புதிதாகப் படுக்கவும் இல்லை.

ஆனால் எனக்குத்தான் நிம்மதி இல்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்கிவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? அவளுக்கு வேலை கேட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து முத்துலெட்சுமி தேறி வேலைக்குத் திரும்பினாள். தலைமுடியெல்லாம் கொட்டி, துண்டைக் கட்டியிருந்தாள். நான் அங்கே கணக்கப்பிள்ளையிடம் மறுபடியும் கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கேட்டவள், கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நோயில் கிடந்தவளே கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள்:

"அந்தக்கா கூளு ஊத்தக் கூடாதுன்னுதான சார் சொன்னாரு, லேபிள் ஒட்டக் கூடாதுன்னா சொன்னாரு? எம் பக்கத்துல எடம் இருக்கு, வரச் சொல்லுங்க." மறுநாளே பேச்சியம்மா அங்கே லேபிள் ஒட்ட உட்கார்ந்தாள்.

கிருமியைக் கண்டுபிடிக்க மதுரையில் மைக்ராஸ்கோப் வைத்திருந்தார்கள்; கண்டுபிடித்ததை ஒருவர் முகத்துக்கு நேரே போய்ச் சொல்வதற்குத்தான் சர்க்கார் கடைசிவரை எங்களுக்கு ஒன்றும் சப்ளை செய்யவில்லை.