பெயர் சொல்லாத வாத்து

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பேர் சொல்லித் திட்டக்கூடாது. யார் தப்புச் செய்தாலும் அதை ஒரு விலங்கின் தலையில் கட்டிக் கதையாகச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த வழிதான். அதில் நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு உண்டு.

போன மாதம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, பாத்ரூம் போகக் கேட்க வெட்கப்பட்டு, உட்கார்ந்த இடத்திலேயே போட்டிருந்த சிலுவாரை நனைத்துவிட்டாள். அவளுக்கு உடை மாற்றிவிட்ட கையோடு கதை சொல்ல உட்கார்ந்தேன். ஒரு ஊரில் ஒரு வாத்துக் குஞ்சு. அதற்கு வாய் திறந்து கேட்க வெட்கம். கடைசியில் வீடெல்லாம் தண்ணீர். குரலை மாற்றி, கையில் வாத்துப் பொம்மையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிறகு அவள் அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

“அன்னைக்கு எல்லாரும் வாத்து வாத்துன்னு கூப்பிட்டாங்களாம் டீச்சர். ஸ்கூலே வேணாம்னு ஒரே அழுகை லா,” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா வேலைக்குப் போய்விட்டார். அவளோ வகுப்புக்குள் வரமாட்டேன் என்று செருப்பு அலமாரியை ஒட்டி நின்றாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் இன்னொரு கதை வாய்வரை வந்தது. எந்த விலங்கைச் சொன்னாலும் அது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் என் கணவரிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

“டீச்சரும் சின்னப் பிள்ளையா இருந்தப்ப, ஸ்கூல்ல வரிசையில நின்னுக்கிட்டே ஒண்ணுக்குப் போயிட்டேன்மா. எல்லாரும் சிரிச்சாங்க.”

அந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்று தெரிந்தவள்தான் பொம்மையை ஆட்டியிருக்கிறேன். நினைக்க நினைக்கக் கூசியது.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். வகுப்புக் கதவுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு என் காதருகே வந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் டீச்சர்.”