ஐப்பசி ஈரத்தில் பன்னிரண்டு முட்டைகள்

அடை உட்கார்ந்த நாலாம் நாள் பக்கத்து வீட்டுக் கோழியைக் கீரி தூக்கிப் போயிற்று. அரை மணி நேரத்தில் அந்த வீட்டு அம்மா பன்னிரண்டு முட்டைகளை வைக்கோல் பரப்பிய முறத்தில் வைத்து எங்கள் கொல்லைவாசலுக்குக் கொண்டுவந்தார். அவர் கணவர் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். குத்தகை வழக்கு தொடங்கியதிலிருந்து அந்தக் கணவரும் நானும் பேசுவதில்லை.

"அண்ணே, உங்க பொட்டியில வச்சுப் பாருங்க. அம்மா வீட்டுலேந்து கொண்டாந்த மொட்டைக்கழுத்துக் கோழி. இது போனா வித்து கிடையாது."

வாங்கி வைத்தேன். முட்டை பொரிக்க நானே செய்த ஒட்டுப்பலகைப் பெட்டி, நாற்பது வாட் பல்பு, ஒரு வெப்பமானி. சித்திரையில் இதே பெட்டியில் பத்துக்கு ஒன்பது பொரித்திருந்தது. நோட்டைப் புரட்டி, அப்போது எழுதியிருந்தபடியே இரண்டு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, அகன்ற முனையில் தெரியும் காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் குறித்தேன்.

அடையின் பத்தாம் நாள் மறுபடி பார்த்தபோது காற்றறை பழைய கோட்டிலேயே நின்றது. முட்டைக்குள் இருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினால்தான் அது பெரிதாகும். இல்லாவிட்டால் கடைசி நாளில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். அது ஐப்பசி. வீட்டைச் சுற்றி நட்ட வயலெல்லாம் தண்ணீர், மேலே விடாத மழை. கிண்ணக் கணக்கை எழுதி வைத்த நான், சித்திரைக் காற்று எவ்வளவு வறண்டிருந்தது என்று எழுதவில்லை.

அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். நான் நெல் கொள்முதல் நிலையத்தில் கிளார்க். அவர் விடுவாரா?

"எங்க நெல்லை மட்டும் ஈரம் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்புனீங்க. முட்டைக்கு ரெண்டு கிண்ணத்துல தண்ணி வச்சிருக்கீங்களே."

கிண்ணங்களை எடுத்தேன். அடைத்திருந்த காற்றுத் துளைகளைத் திறந்தேன். ஈரத்தை இழுத்துக்கொள்ள அவர் தினமும் உமியை வறுத்து ஒரு தட்டில் கொண்டுவந்தார். ஆறினதும் பெட்டியின் அடியில் வைத்தேன். அதிலிருந்து மூன்றாம் நாள் காற்றறை கோட்டைத் தாண்டியது. பதினெட்டாம் நாளுக்குள், வாய்க்கால் வடியும்போது கரையில் விழும் தடங்களைப் போல, ஓடுகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சில் கோடுகள் சேர்ந்துவிட்டன.

அன்று உமியை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் ஈரத்துணியையும் வைத்தேன்.

"இப்ப எதுக்குத் திரும்பவும் தண்ணி?"

"பொரியுற நேரத்துல உள்தோல் காஞ்சா குஞ்சு மேல ஒட்டிக்கும்மா."

"காயப்போட்டுட்டு, கதிர் வர்றப்ப தண்ணி கட்டுற மாதிரின்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு மூடியைத் திறக்கவில்லை. இருபத்தோராம் நாள் காலையில் உள்ளே சத்தம் கேட்டது. மறுநாள் காலைக்குள் எட்டுக் குஞ்சுகள் ஈரம் உலர்ந்து நின்றன. அவற்றில் ஐந்துக்குக் கழுத்தில் மயிர் இல்லை. நான்கு முட்டைகள் பொரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

கூடையோடு வந்தவர் அந்த அம்மா இல்லை, அவர் கணவர். வழக்கின் அடுத்த வாய்தாவுக்கு ஐந்து நாள் இருந்தது.

"ஈரம் சரியா இருக்கான்னு கேட்டுட்டு எடுத்தாரச் சொன்னுச்சு" என்றார்.

"இருக்கு. எடுத்துக்குங்க."

குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தடவிப் பார்த்துக் கூடையில் விட்டார். மேலே துணியைப் போர்த்தி, காற்றுப் போக ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு கொல்லை வழியாகவே போனார்.