காய்ந்த கண்ணாடியில் ஓடிய வைப்பர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மழைக்கு வானத்தைப் பார்த்தே கழுத்து வலிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து மாதமாக ஒரு காரின் வைப்பரைச் சரிசெய்துகொண்டிருந்தவன் நான்.

காருக்கு ஏறக்குறைய என் வயது. இரண்டு பேருக்குமே மூட்டுத் தேய்மானம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாரியூர்க் கடற்கரையில் வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார். உப்புக்காற்று உள்ளே புகுந்து குடும்பமே நடத்தியிருந்தது. வைப்பரைப் போட்டால் பாதிக் கண்ணாடி வரை போகும்... ஏதோ யோசிக்கும்... அங்கேயே நின்றுவிடும்.

மோட்டாரைக் கழற்றினேன். உள்ளேயிருந்த கிரீஸ் கருவாடாகியிருந்தது. கம்பிகளை டீசலில் ஊறவைத்துத் தேய்த்தேன். கம்பி சுழலும் பித்தளை வளையமான புஷ் தேய்ந்துபோயிருந்தது, புதிதுக்கு எங்கே போவது? ராமநாதபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ரசாக் பாய் அளவெடுத்துக் கடைந்து கொடுத்தார். "சார், உங்க ஊர்ல கடைசியா எப்ப மழை பேஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

புது ரப்பரும் போட்டாயிற்று. சித்திரை மாதம், உச்சி வெயில். சுவிட்சைத் தட்டினேன். இரண்டு கைகளும் சேர்ந்து எழுந்தன, சேர்ந்து படுத்தன. நம் கல்யாணத்தன்றுகூட நீங்கள் இவ்வளவு சிரிக்கவில்லை என்கிறாள் என் மனைவி. ஆல்பம் அவள் கட்சியில்தான் இருக்கிறது.

சாதித்தவனுக்கு அடுத்து என்ன வேண்டும்? பார்க்க ஆள் வேண்டும். தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர், வழி கேட்க வந்தவர் — எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினேன். கண்ணாடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காட்டலாமே என்பீர்கள். வாளியைத் தூக்கியதுதான் தாமதம்...

"நான் குடத்தோட லாரிக்கு நிக்கிறேன். நீங்க காருக்குத் தலைக்கு ஊத்துறீகளா?" என்றாள் மனைவி.

வாளியை வைத்துவிட்டேன். அதன்பிறகு ஆறு மாதமும் காய்ந்த கண்ணாடியில், படிந்த புழுதியோடுதான் என் கண்காட்சி நடந்தது.

ஐப்பசி வந்தது. மச்சினன் பாண்டியின் மகள் கவிதாவுக்கு ராமநாதபுரத்தில் அரசு வேலைக்கான தேர்வு. இந்தத் தடவை எழுதாவிட்டால் தையில் கல்யாணம் என்று வீட்டில் கெடு வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டார்கள். மழை வரும்போலிருக்கிறது என்று பாண்டி வாடகைக் கார் சொல்லியிருந்தான். அதை வேண்டாம் என்று சொன்ன மகான் நானேதான். மழைக்காகவே தயாரான வண்டி வீட்டில் நிற்கும்போது வாடகைக் காரா?

தேர்வன்று காலை கவிதாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆர்.எஸ்.மங்கலத்தைத் தாண்டியதும் பிடித்தது மழை. பெருமையோடு சுவிட்சைத் தட்டினேன். வைப்பர் அருமையாக ஓடியது — தண்ணீரைத் துடைக்கவில்லை, மாவாட்டியது. கண்ணாடி முழுக்கச் சேற்றுப் பால். புழுதியில் இழுத்தால் வைப்பர் உப்புத்தாளாகிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ரப்பரின் விளிம்பு கிழிந்து தொங்கியது. எதிரே வந்த விளக்குகள் கண்ணாடிக் கீறல்களில் பட்டு வாணவேடிக்கை காட்டின.

தெரிந்தது ஒன்றே ஒன்று. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். பஸ் நின்ற இடமெல்லாம் நானும் நின்றேன். மூன்றாவது நிறுத்தத்தில் கூடையோடு ஒரு அம்மா பின்கதவைத் திறந்து, "தேவிபட்டினம் போவீகளா?" என்று கேட்டார்.

கவிதா வாட்ச்சைப் பார்த்தாள். "மாமா, நான் அந்த பஸ்லயே ஏறிக்கிறேன்."

"ஏம்மா, வைப்பர் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது மாமா. ரோடுதான் தெரியல."

ஹால் டிக்கெட்டைத் துப்பட்டாவுக்குள் பொதிந்துகொண்டு ஓடினாள். கூடைக்கார அம்மாவும் பின்னாலேயே ஏறினார். காலியான காரில் நான் மட்டும் பஸ்ஸைத் தொடர்ந்தேன். அது ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. நானும் நுழைந்தேன். வேறு எங்கே போவதென்று எனக்கு எப்படித் தெரியும்? நேரக்காப்பாளர் ஒருவர் விசில் ஊதி, குடையோடு வந்து எட்டிப்பார்த்து, "எந்த டிப்போ சார்?" என்றார்.

கவிதா அதற்குள் ஆட்டோ பிடித்துப் பறந்திருந்தாள். கேட் சாத்த நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே போய்விட்டாளாம். வழி விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, தேர்வு நடந்த இடத்தின் வாசலில் நின்ற காவலர் சொல்லித்தான் எனக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் பாண்டி போன் செய்தான். திட்டப்போகிறான் என்று காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்துக்கொண்டேன். அவன் திட்டவில்லை.

"மச்சான், பிள்ள நல்லா எழுதியிருக்காளாம். அவ ரெண்டு மணி பஸ்ல வாரா. நீங்களும் அதுக்குப் பின்னாலயே வந்துருங்க."