வால்வில் பட்ட சந்தனம்

நான் செய்த தப்புக்கு இன்னொருவர் வேலை போயிற்று. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், உண்மையைச் சொல்லவில்லை. அவர் என் மாமனாரின் கார் டிரைவர்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். குடியிருந்தது, வேங்கிக்கால் பக்கம் அரிசி மில் வைத்திருந்த மாமனார் வீட்டில். மாமியாருக்கு மூச்சிளைப்பு, தூசி ஆகாது. அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்வர வேண்டும் என்றுதான் மாமனார் அம்பாசிடரை மெட்ராஸுக்கு அனுப்பி ஏசி வைத்தார்.

ஆயுத பூஜைக்கு டிரைவர் காரைக் கழுவி நிறுத்துவார். சந்தனம், குங்குமம் வைப்பது வீட்டு ஆண்களின் வேலை. அந்த வருஷம் எனக்கு வந்தது. பானட்டைத் திறந்து ரேடியேட்டர், பேட்டரி, கம்ப்ரசர் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். படித்தவன் எந்தப் பாகத்தையும் விட்டுவிடக் கூடாதே. ஏசிக்குக் கேஸ் நிரப்பும் வால்வு, சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒன்று, சின்ன மூடியோடு இருந்தது. மூடியைத் திருகி எடுத்து, நடுவிலிருந்த ஊசியை அழுத்திப் பார்த்தேன். உஸ்ஸென்று கேஸ் வந்து விரல்நுனி விறைத்தது. கேஸ் விரிந்தால் குளிரும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட விஷயம் விரலில் நடக்கிறது. குஷியில் இன்னொரு தரம் அழுத்தினேன். விரலிலிருந்த சந்தனம் ஊசியில் அப்பியதைக் கவனிக்காமல் மூடியைப் போட்டுவிட்டுச் சுண்டல் சாப்பிடப் போனேன்.

தீபாவளி நெருங்கும்போது குளிர்ச்சி கம்மியானது. பிறகு வெறும் சூட்டுக் காற்றுதான். மழை ஏமாற்றிய வருஷம் அது. செங்கம் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, ஆசிரமத்துக்கு முன்னால் பௌர்ணமிக் கூட்டத்தில் கார் மாட்டிக்கொண்டது. மாமியார், மனைவி, நான் பின்சீட்டில். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது.

"ஜில்லுனு இருக்குல்ல?" என்றார் மாமனார் முன்சீட்டிலிருந்து.

"இருக்குங்க" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மனைவியும் ஆமாம் என்றாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இளைத்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. மாமனார் ஒன்றைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் வேறு அபிப்பிராயம் கிடையாது.

டிரைவர்தான் வாயைத் திறந்தார். "காத்து சூடா வருதுங்க. அம்மாவுக்கு முடியல, கண்ணாடிய எறக்கட்டுமா?"

மாமியார் தானே கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மில் வாசலில் காரைப் பார்க்கும்படி மாமனார் என்னிடம் சொன்னார். நானும் டிரைவரும் பானட்டைத் திறந்தோம். பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசரின் கிளட்ச் டக்கென்று பிடித்தது. முன்னாலிருந்த கண்டென்சரில் மில் உமி அடைத்திருந்தது. டிரைவர் தண்ணீர் அடித்துக் கழுவினார். அப்படியும் சூடுதான். குழாயிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன், உள்ளே ஒரே நுரை. கேஸ் குறைந்திருக்கிறது. எங்கே போகிறது என்று தேடி வால்வு மூடியைத் திருகினேன். ஊசியைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கிடந்தது. எச்சில் தொட்டு வைத்தேன்; குமிழி விட்டது. கர்ச்சீப்பால் துடைத்து மூடியைப் போட்டேன்.

மாமனார் வந்தார். கேஸ் இல்லை என்றேன். அதுவரை உண்மை. எப்படிப் போச்சு என்று கேட்டார். நான் கர்ச்சீப்பைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நிற்க, அவரே கண்டுபிடித்துவிட்டார்: ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரன் எவனுக்கோ டிரைவர் கேஸை எடுத்துக் கொடுத்திருக்கிறான். இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாத சூடு அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? எதிரே வேன் ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, திருடன் என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்கதான பாத்தீங்க. சொல்லுங்க சார்."

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

அவர் சாவியை பானட் மேல் வைத்துவிட்டுப் போனார்.

சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். மாமனார் வீட்டில் சாப்பிடுகிறவன், அந்தத் திட்டுக்குப் பயந்தேன். கேஸ் நிரப்பிய பிறகு கார் மறுபடி ஜில்லென்றானது. ஏற்றிய கண்ணாடிக்குள், புது டிரைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு அதில்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

அடுத்த ஆயுத பூஜைக்கு மனைவி சந்தனக் கிண்ணத்தை நீட்டியபோது கை போகவில்லை. நேரே மாமனாரிடம் போய்ச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "சரி, போனது போச்சு. வெளிய சொல்லிட்டு இருக்காதீங்க மாப்ள" என்றார்.

டிரைவர் கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தேடிப் போய்ச் சொன்னேன்.

"தெரியும் சார். கர்ச்சீப்புல சந்தனம் இருந்துச்சே."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்."

திரும்ப வேலைக்குக் கூப்பிட எனக்கு அதிகாரமில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மில்லுக்கு எதிரே அந்த ஸ்டாண்டில் வந்து சொல்லச் சொன்னார். மாமனார் திருடன் என்றதைக் கேட்ட பிறகு அங்கே இருந்தவர்கள் யாரும் அவரை நம்பி லோடு கொடுப்பதில்லை.

அவரும் வந்திருந்தார், தன் வேனில் சாய்ந்துகொண்டு. எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "அப்படியே கற்பூரமும் காட்டியிருக்கலாமே, மாப்ள சார்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. "கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நான் வீடு போவதற்குள் சேதி மாமனாருக்குப் போய்விட்டது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். தை பிறந்ததும் நானும் மனைவியும் வாடகை வீட்டுக்குப் போனோம்.

ஒருநாள் மாமியார் எங்களைப் பார்க்க வந்தார், அந்த வேனில். மூக்கில் துண்டு, கண்ணாடி முழுக்க இறக்கியிருந்தது. டிரைவர் அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் டிரைவரிடம் நீட்டினேன்.

"வேணாங்க" என்றார். திரும்பும்போது கூட்டிப்போக எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டு போனார்.