வெந்த சிப்பி

பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். தண்ணீர் பட்டதும் கல் கொதித்துச் சீறுகிறது. எனக்கு அக்காவின் அலறல்தான் கேட்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் நைனா சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தார். தெற்கிலிருந்து ரயிலில் வந்த கல் ஒன்றில், என்றோ கடலில் கிடந்த சிப்பி வரிவரியாக உறைந்திருந்தது. அக்கா அதை எடுத்து ஒளித்துவைத்தாள். நைனா பிடுங்கிச் சூளையில் போட்டார்.

சூளை ஆறியதும் அவளைக் கூப்பிட்டார். பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு ஓடினாள். வெந்தும் உருக்குலையாமல் வெளுத்திருந்த சிப்பியை அவள் கையில் வைத்தார்.

"இதுக்குத்தானே அழுதுகினு இருந்தே? கெட்டியா புடிச்சிக்கோ."

அவள் விரல்களை மூடி, தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெந்த கல்லில் ஈரம் பட்டால் என்னவாகும் என்று சூளைக்காரருக்குத் தெரியாதா?

புண் ஆறியபோது அக்காவின் உள்ளங்கையில் சிப்பியின் வரிகள் அப்படியே இருந்தன. நைனா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆங், இனிமே இத எவனும் புடுங்க மாட்டான்."