முன்னே ஒரு ஏர், பின்னே ஒரு ஏர்

டீசல் மெக்கானிக் படிப்பில் நான் முதன்முதலாகச் செய்த காரியம், என்ஜினுக்குப் பின்னால் போய்க் கலப்பையைத் தேடியதுதான்.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்த புதிது. இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைத்திருந்த பழைய டிராக்டர் என்ஜின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று விக்கிவிட்டு நின்றுபோனது. வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏர் புடிச்சிருக்குது. யாராச்சும் வந்து எடுங்க பாக்கலாம்" என்றார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சும்மா நின்றால் பயந்துவிட்டாள் என்பார்களே என்று முந்திக்கொண்டு போனேன். என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து பார்த்தேன். "என்னாம்மா தேடுற?" என்று கேட்டார். "ஏரு எங்க சார் மாட்டியிருக்குது?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

பட்டறையே சிரித்தது. என்னைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பா ஊரார் கொல்லை கழனிகளில் டிராக்டர் வைத்து ஏர் ஓட்டியவர். எங்கள் வீட்டில் ஏர் என்றால் உழுகிற ஏர்தான். மெக்கானிக்குகளின் ஏர் வெறும் காற்று என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டீசல் போகும் குழாயில் டீசல் மட்டும்தான் போக வேண்டும். நடுவில் காற்று புகுந்தால் என்ஜின் மூச்சுமுட்டி நின்றுவிடும். ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் நுரையும் குமிழியுமாகக் காற்று வெளியே வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்க்ரூவை முடுக்கிவிட வேண்டும். இதற்குப் பெயர்தான் ஏர் எடுப்பது.

அதற்கப்புறம் பையன்கள் என்னைப் பார்த்தாலே, "ஏரு வருது, வழி வுடுங்கடா" என்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அந்த வீம்பிலேயே ஏர் எடுக்கும் வேலையை வகுப்பில் யாரையும்விடச் சுத்தமாகக் கற்றுக்கொண்டேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்று பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன்.

அம்மாவுக்குப் பீங்கான் யூனிட்டில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். சாயங்காலம் அவள் மாவு பூசிய மாதிரி வெள்ளையாக வருவாள். நான் கிரீஸும் கரியுமாக வருவேன். "ரெண்டு பேரு துணியையும் ஒரே பக்கெட்டுல ஊற வெக்க முடியாது போலருக்குதே" என்பாள். படிப்புக்கு அவள் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. "படிக்கறதப் படி. யூனிட்டுலயும் சொல்லி வெச்சிருக்கேன்" என்று அடிக்கடி சொல்வாள். அவள் சொல்லி வைத்திருந்தது எனக்கு உள்ளங்காலில் முள்ளாகவே இருந்தது. பொம்மை வேலையை நான் மட்டமாக நினைத்ததில்லை. எனக்கு என்ஜின்தான் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நின்றுபோன ஒன்று நம் கை பட்டுத் திரும்ப ஓடத் தொடங்கும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வரும். அதை நான் வேறெதிலும் அனுபவித்ததில்லை.

படிப்பு முடிந்ததும் விருத்தாசலத்தில் ஒரு டிராக்டர் சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். உள்ளே வரும் வண்டிகளுக்கு ஆயில் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், கிளட்ச் பிரிப்பதற்குக் கூட நின்றேன். கொல்லையில் நின்றுபோன வண்டிகளைப் பார்க்க மட்டும் அனுப்ப மாட்டார்கள். அங்கே போகாதவரை யாரும் ஒருவரை முழு மெக்கானிக்காகக் கணக்கில் எடுப்பதில்லை. பயிற்சி முடியும் சமயத்தில் நானே இன்சார்ஜ் சாரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சு நெத்தியடி. "தனியா ஒரு வண்டி பாத்துட்டு வா. அது ஓடிச்சின்னா ஒனக்கு ஃபீல்டு வேல. ஓடலன்னா, கோச்சிக்காத, கவுண்டர்ல ஒக்காந்து பில்லு போடு" என்றார். பில் போடவா இத்தனை நாள் சைலன்சரில் கையைச் சுட்டுக்கொண்டேன்? அதற்குப் பேசாமல் அம்மாவோடு பொம்மை சீவப் போய்விடலாம் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரமே கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து போன் வந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்சார்ஜ் முகம் மலர்ந்தது. வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஒனக்குன்னே வந்திருக்குது பாரு. புது வண்டி. ஏரு புடிச்சிக்கிச்சாம், நவுர மாட்டேங்குதாம். போயி எடுத்துவுட்டுட்டு வா." பரீட்சைத் தாளைத் திருப்பியதும் தெரிந்த கேள்வியாகவே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முந்தின நாள் மழை பெய்து கொல்லை பதமாக இருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுது மல்லாட்டை போட்டுவிட வேண்டும் என்று கொல்லைக்கார அம்மா கடலை விதை மூட்டையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். டிராக்டர் நடுக்கொல்லையில் அணைந்து கிடந்தது. டிரைவர் சாவியோடு ஊருக்குள் ஏதோ எடுக்கப் போயிருக்கிறார் என்றார்.

"ஏர் புடிச்சிக்கிச்சுன்னு போன் பண்ணது நீங்கதாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம் பாப்பா, ஏருதான் புடிச்சிக்கிச்சு. எத்தினி பேரு மல்லுக்கட்டியும் வரல."

"நான் எடுத்துடறேங்க்கா. கொஞ்ச நேரத்து வேலதான்."

"நீ ஒருத்தியேவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். பானட்டைத் திறந்தேன்.

ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்பை அமுக்கினேன். தெளிந்த டீசல் வந்தது. ஒரு குமிழிகூட இல்லை. சரி, காற்று இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது போல என்று அடுத்த ஸ்க்ரூவை முழுக்கவே கழற்றினேன். அதன் அடியில் இருந்த செப்பு வாஷர் விரலிலிருந்து நழுவி, உழுத மண்ணுக்குள் போய் விழுந்தது. குனிந்து தேடினேன், கிடைக்கவில்லை. திரும்ப அமுக்கினேன். டீசல், டீசல், டீசல்தான். இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, கடைசியில் தாங்க முடியாமல் கேட்டார்:

"ஏரு பின்னாடி இருக்குது. நீ ஏம்மா முன்னாடி நோண்டிக்கினு இருக்குற?"

நான் மெல்லப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கலப்பையின் வளைந்த இரும்புக் கொத்துகளில் ஒன்று, எப்போதோ வெட்டிய புளியமரத்தின் வேருக்கு அடியில் கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. ஏர் பிடித்துத்தான் இருந்தது. அந்த அம்மா போனில் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை. கலப்பை மேலே எழவில்லை என்றதும் புது வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். இன்சார்ஜ் காதும் மெக்கானிக் காது, என் காதும் மெக்கானிக் காது ஆகிவிட்டிருந்தது. ஏர் ஓட்டியவர் மகளுக்கு, ஏர் என்றால் கலப்பை என்பதே மறந்துபோகிற அளவுக்குப் படிப்பு ஏறியிருக்கிறது! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, யார் மேல் என்றே தெரியாமல் கோபமும் வந்தது.

அதற்குள் டிரைவர் அண்ணன் கடப்பாரையோடு வந்துவிட்டார். நான் கழற்றியதையெல்லாம் அவசரமாக மாட்டினேன். வாஷர் இல்லாத ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கி, சாமி மேல் பாரத்தைப் போட்டேன். அவர் வேரைச் சுற்றித் தோண்டினார். நான் கலப்பையை வண்டியோடு பிடித்திருக்கும் மேல்கம்பியின் திருகைத் தளர்த்திக் கொடுத்தேன். அவர் ஏறி வண்டியைக் கிளப்பி, ஒரு சாண் பின்னால் எடுத்தார். கொத்து வேரிலிருந்து கழன்று, கலப்பை ஜம்மென்று மேலே எழுந்தது. "அப்பாடா!" என்றார் அந்த அம்மா. எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

ஒரு சால்கூட ஓட்டி முடிக்கவில்லை. வண்டி விக்கியது, இருமியது, நின்றுவிட்டது.

டிரைவர் அண்ணன் இறங்கி, "என்னா ஆச்சும்மா?" என்றார். எனக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வாஷர் இல்லாத இடத்தில் டீசல் கசிந்து காற்று உள்ளே போயிருக்கிறது. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது?

"ஏர் புடிச்சிக்கிச்சுங்க" என்றேன்.

"இப்பத்தானம்மா எடுத்தோம்!" என்று அந்த அம்மா கலப்பையைக் காட்டினார்.

"அது வேற ஏருங்க்கா. இது வேற ஏரு."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் போனபோது நன்றாக இருந்த என்ஜினை நானே நிறுத்திவிட்டேன். கவுண்டர் நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பின்னாலேயே யூனிட்டும், வரிசையாக அடுக்கிய பொம்மைகளும் வந்தன. அந்த நேரம் பார்த்து இன்சார்ஜிடமிருந்து போன். எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எடுக்கப் பயந்தேன்.

டவுனுக்குப் போய் வாஷர் வாங்கி வருவதற்குள் கொல்லை காய்ந்துவிடும். சுற்றும் முற்றும் பார்த்தேன். விதை மூட்டையின் வாயைத் தைத்திருந்த சணல் நூல் கண்ணில் பட்டது. "அக்கா, துணி சோப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தாலும், மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்து கொடுத்தார். நூலைப் பிரித்து மெல்லிய இழையாக்கி, சோப்பில் அழுத்தித் தேய்த்து, ஸ்க்ரூவின் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றினேன். பிறகு பம்பை அமுக்கினேன். இந்தத் தடவை வந்தது பாருங்கள் குமிழி! நுரைத்துக்கொண்டு, பொங்கிக்கொண்டு வந்தது. குமிழியைப் பார்த்து ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது. அது அடங்கித் தெளிந்த டீசல் வந்ததும் முடுக்கினேன். டிரைவர் அண்ணன் சாவியைத் திருகினார். என்ஜின் கிளம்பிவிட்டது.

உழச் சொல்லிவிட்டு வரப்பில் உட்காரவில்லை நான். வண்டி ஒவ்வொரு தடவை இந்தப் பக்கம் திரும்பும்போதும் நிறுத்தச் சொல்லி, ஸ்க்ரூவைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. பிறகும் ஈரம் இல்லை. பாதிக் கொல்லை உழுது முடித்த பிறகுதான் வரப்பில் போய் உட்கார்ந்தேன்.

நான் எடுக்காததால் இன்சார்ஜ் அந்த அம்மாவுக்கே போன் போட்டுவிட்டார். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, ஏர் எடுத்தாச்சுங்களா?"

"எடுத்தாச்சுங்க. ரெண்டு ஏரும் எடுத்தாச்சு."

"ரெண்டா?"

"ஆமாங்க. பின்னாடி ஒண்ணு, முன்னாடி ஒண்ணு. பாப்பா கெட்டிக்காரப் பொண்ணுதாங்க."

"அவகிட்டக் குடுங்க" என்றார் இன்சார்ஜ். அந்த அம்மா போனை என்னிடம் கொடுத்தார். எனக்கு மென்று முழுங்கத் தெரியாது. கலப்பை, வேர், தொலைந்த வாஷர், சணல், சோப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். முதலில் ஏதோ புரையேறிய சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவர் சிரிக்கிறார் என்று புரிந்தது.

"வண்டி ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்பறம் என்னா. இங்க வந்து வாஷர் எடுத்துக்க. நாளைக்குக் காலையில நீயே போயி மாட்டிட்டு வந்துடு."

நீயே போய். அந்த இரண்டு வார்த்தைகளைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தூக்கிக்கொண்டே நடந்த மூட்டையை இறக்கி வைத்தது போல் தோள் இரண்டும் லேசாக இருந்தன. வீட்டுக்குப் போன் செய்து, யூனிட்டில் சொல்லி வைத்ததை வாபஸ் வாங்கச் சொன்னேன். அம்மா, "சரி, கிரீஸு போற சோப்பா பாத்து வாங்கிட்டு வா" என்றாள்.

சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தபோது இன்சார்ஜ் வேறு யாருடனோ போனில் இருந்தார். என்னைப் பார்த்ததும், இரு என்று கையைக் காட்டினார். வாஷர் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "கருவேப்பிலங்குறிச்சி தாண்டிங்களா? சரிங்க, கவலப்படாதீங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மெக்கானிக் வந்துடுவாங்க" என்றார்.

எந்த மெக்கானிக்கைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.