கீழே ஓடிய வரி

உடுமலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் உள்ளூர் சேனல். ஒரே அறைதான். பச்சைத் துணி கட்டிய பாதி ஸ்டுடியோ, மீதி ஆபீஸ். கொப்பரை விலை, அணையில் தண்ணீர் திறப்பு, கோயில் விசேஷம் என்று தினமும் சாயங்காலம் செய்தி வாசித்தது நான். எல்லோரும் செல்போனுக்கு மாறிய பிறகும் பல வீடுகளில் கேபிள் இணைப்பை வெட்டவில்லை. என் வாசிப்புக்காக அல்ல, திரையின் அடியில் ஓடும் இறப்பு அறிவிப்புக்காக.

எங்கள் பக்கம் எழவுக்குப் போகாமல் விட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் காபியோடு அந்த வரியையும் படித்துவிடுவார்கள். படம், பெயர், தெரு, எடுக்கும் நேரம். காசு கிடையாது, யார் செத்தாலும் ஓடும் என்று சேனல் நடத்தியவர் மேடைக்கு மேடை பீற்றிக்கொள்வார். நானும் நம்பித் தொலைத்தேன்.

கடைவீதியில் என்னைப் பார்த்தால், "ஏனுங்க அம்மணி, நல்லா வாசிக்கறீங்க" என்பார்கள். மரியாதைக்குப் பேர்போன ஊர். தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் உரித்த என் அப்பாவுக்கு மட்டும் அந்த 'ங்க' கடைசிவரை கிடைக்கவில்லை. மீசை முளைக்காதவன்கூட அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டான். வேறு ஊரில் ஒரு நாள்கூடக் குடியிருக்காத மனிதர் அவர். ஆனால் வேலைக்குக் கூப்பிட்டவர்களில் ஒருவரும் அவருடைய வீடு எது என்று கேட்டதில்லை.

அப்பா போன அன்று எனக்கு ஒரே ஆசைதான். அவரை வேலை வாங்கிய தோப்புக்காரர்களும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கூட உரித்தவர்களும் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். ஒரு தடவையாவது அவர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். சேனலுக்குப் போன் போட்டுத் தெருவையும் நேரத்தையும் சொன்னேன்.

"போட்டுறலாங் கண்ணு, நீ கவலப்படாத" என்றார் நடத்தியவர்.

பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். அப்பாவின் படம் இருந்தது. 'எங்கள் செய்தி வாசிப்பாளரின் தந்தை' என்று இருந்தது. நேரம் இருந்தது. தெருவைக் காணோம். மறுபடியும் கூப்பிட்டேன்.

"தெருப் பேரு உட்டுப்போச்சுங்க."

"உட்டுப்போகல கண்ணு, நாந்தான் எடுத்துப்போட்டேன். அந்தத் தெருன்னு தெரிஞ்சா நாளைக்கு உன்னைய எப்புடிப் பாப்பாங்க? உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எப்புடிப் பாத்தா எனக்கென்னங்க? போடுங்க!" என்று கத்தினேன். "செரி கண்ணு" என்று இதமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். சாயங்காலம்வரை அதே வரிதான் ஓடியது.

எங்கள் தெரு ஆட்கள் மட்டும் தூக்க, அப்பாவை எடுத்தோம். ஒரு தோப்புக்காரர்கூட வரவில்லை. அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

காரியம் முடிந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று சேனலுக்குப் போனேன். போன் எடுக்கும் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உங்கப்பாவுக்கு நெறையப் பேரு கூப்பிட்டாங்கக்கா. மாலை வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு, எந்தத் தெருவுக்கு வரோணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அவள் நடத்தியவரின் நாற்காலியைப் பார்த்தாள். அவர் இன்னும் வந்திருக்கவில்லை.

"உங்கப்பா வெளியூர்க்காரரு, அங்கியே எடுத்துட்டாங்கன்னு சொல்லச் சொன்னாருக்கா."